சிவப்பு பல்பு இல்லாத கார்

சம்பூரணம் அந்தப் பழைய காருக்கு ஆல்டர்னேட்டர் பூட்டிய புரட்டாசிச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் எங்கள் வெள்ளக்கரட்டில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொன்னதே கிடையாது என்று நான் எழுதினால் அது பச்சைப் பொய். சொல்லிக்கொண்டுதான் இருந்தோம், பெண்டாட்டியிடம் சொன்னோம், பிச்சைக்காரரிடம் சொன்னோம், சந்தையில் கீரை விற்கிறவளிடம் கட்டுபடியாகாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம், ஆனால் யாரிடம் சொல்லவேண்டுமோ அவர் முன்னால் போய் நின்றால் மட்டும் எங்கள் வாயிலிருந்து ஆகட்டுங்க என்பதைத் தவிர வேறொன்றும் வராது. இந்த ஆகட்டுங்கவுக்கு ஊரில் ஒருவரைத் தலைவராக வைக்கவேண்டுமென்றால் போட்டியில்லாமல் போஸ்ட்மாஸ்டர் தெய்வசிகாமணியைத்தான் வைக்கவேண்டும்.

தெய்வசிகாமணி தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் இருந்தவர், வந்த தபால் எதையும் திருப்பி அனுப்பி அறியாதவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அந்தக் குணத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்க மறந்துவிட்டார். ஒரு தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் மூன்று மாதத்துக்கு என்று அவருடைய வீட்டு முன்னறையைக் கேட்டார்கள். பதினோரு வருடமாக அங்கேயே உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவர் சந்து வழியாகச் சுற்றிப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்து தன் வீட்டுக்குள் நுழைகிறார். ஒரே முகூர்த்தத்தில் நாலு வீட்டில் கூப்பிட்டால் நாலு வீட்டிலும் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஐந்தாம் வீட்டுக்காரர் வழியில் மறித்தால் அங்கேயும் ஒரு டம்ளர் பாயசம் குடித்துவிட்டு, அடுத்த மூன்று நாளைச் சோடாவிலேயே ஓட்டுவார். இந்த மனிதருக்குச் சொந்தமாக இரண்டு இருந்தன. ஒன்று, பன்னிரண்டு பட்டறைகள் வரிசையாக நிற்கும் பட்டறை வீதியின் எண்பது சென்ட் நிலம். இன்னொன்று, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை கப்பலேறும்போது தெய்வசிகாமணியின் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போன கார்.

முன்பக்கம் இரண்டு ஹெட்லைட்டும் பிதுங்கிக்கொண்டு நிற்பதால் அதை ஊரே தவளை என்று கூப்பிட்டது. எழுபது வருடத்தில் வெள்ளக்கரட்டு மாப்பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தத் தவளையில்தான் ஊர்வலம் போனார்கள், போனவர்கள் சும்மா போகவில்லை, சீரியல் பல்பைச் சுற்றினார்கள், மைக்செட்டை மாட்டினார்கள், ஒருவர் தலைக்கு மேல் சுழல்கிற தாமரை ஒன்றையும் வைத்து அதற்கும் அந்த பேட்டரியிலிருந்தே வயர் இழுத்தார், கேட்டபோதெல்லாம் தெய்வசிகாமணி ஆகட்டும் என்றார். ஆவணியின் கடைசி முகூர்த்தத்தன்று தவளை ஊர்வலத்தின் நடுவில் நின்றுபோக, மாப்பிள்ளையே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வீதியில் சம்பூரணத்தின் கடைவாசலில் விட்டார்.

சம்பூரணம் எங்கள் ஊரின் ஆட்டோ எலெக்ட்ரீசியன். டைனமோவுக்குக் காயில் சுற்றுகிற கூலி வேலைக்கு வந்தவள், கடைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் போனபோது சாவியைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள், அன்றிலிருந்து லாரியென்றாலும் டிராக்டரென்றாலும் போர் போடும் ரிக் வண்டியென்றாலும் அவள் கை பட்டால்தான் விளக்கு எரியும். கோபக்காரி. அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் தவளையின் டைனமோவைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தவள் தெய்வசிகாமணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்களை மாதிரியேதானுங்க ஐயா. கேக்கறவிகளுக்கெல்லாம் குடுத்துக் குடுத்து உள்ள ஒண்ணுமே இல்லாமப் போயிருச்சு. இதைக் கழட்டிப் போட்டுட்டு இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர்தான் வெக்கோணும்."

ஆகட்டும் அம்மிணி என்றார் அவர்.

மூன்று நாள் வேலை. பக்கத்துப் பட்டறை லேத் ரஹமத்துல்லா பாய் டைனமோ உட்கார்ந்திருந்த இடத்துக்கு அளவெடுத்துப் புதிதாக ஒரு பிராக்கெட் கடைந்து கொடுத்தார், கப்பி நேர்கோட்டில் நிற்கவேண்டும், ஒரு நூல் விலகினாலும் பெல்ட் கத்தும், அதற்காக மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினார்கள். அந்தக் காலத்து வண்டி, பேட்டரியின் பிளஸ் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கோ மைனஸ்தான் பாடியில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு நொடியில் கருகிவிடும். எனவே சம்பூரணம் பேட்டரியைத் திருப்பி வைத்தாள், ஆம்பியர் மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றினாள், டைனமோவுக்கு மட்டுமே வேண்டியிருந்த பழைய கட்அவுட் பெட்டியைக் கழற்றித் தூரப் போட்டாள், பெருவிரல் தடிமனில் ஒரு வயரை ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு இழுத்தாள், எழுபது வருடமாக ஒரே திக்கில் ஓடிப் பழகிய கரண்டை எதிர்த்திக்கில் ஓடச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, சிவப்பு பல்பு.

ஆல்டர்னேட்டருக்கு ஒரு குணம் உண்டு, எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தானாக அது விழிக்காது. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எரிகிறதே ஒரு சிவப்பு விளக்கு, அதன் வழியாக ஒரு துளி கரண்ட் உள்ளே போய் எழுப்பவேண்டும், எழுந்த பிறகுதான் அது வண்டி முழுவதற்கும் கொடுக்கும். தவளையின் சிவப்பு பல்பு எப்போதோ உடைந்து போயிருந்தது, அந்த அளவில் பல்பு சேலத்திலிருந்து வரவேண்டும், அதுவரை அந்த ஓட்டை காலியாகவே இருந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள், ஆம்பியர் மீட்டரின் முள் மைனஸ் பக்கமே சாய்ந்து கிடந்தது, சார்ஜ் ஏறவில்லை.

அந்த நேரத்தில்தான் சேர்மன் குழந்தைவேலு வந்தார். தெய்வசிகாமணிக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை, எங்கள் நகராட்சிக்குத் தலைவர், ஒரு அரிசி ஆலைக்கு முதலாளி. பட்டறை வீதியை இடித்துவிட்டு அங்கே ஒரு வணிக வளாகம் கட்டவேண்டும், அதன் நெற்றியில் தன் தகப்பனார் பெயரைப் பெரிதாகப் பொறிக்கவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. நிலத்தைத் தானமாக எழுதித் தரும்படி முந்தின வாரம் சித்தப்பாவிடம் கேட்டிருந்தார், சித்தப்பா வழக்கம்போல ஆகட்டும்பா என்று சொல்லியிருந்தார், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பன்னிரண்டு குடும்பத்துச் சோறு இப்படி ஒரு ஆகட்டும்பாவில் போயிருந்தது.

"ஆயுத பூசையன்னிக்குப் பத்திரத்தோட வர்றோம். சித்தப்பா கையெழுத்துப் போட்டதும் அடுத்தாப்புல பொக்லைன் வந்துரும். அதுக்குள்ள சாமானையெல்லாம் எடுத்துக்க அம்மிணி."

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த சம்பூரணம் தலையை வெளியே எடுக்கவில்லை. முடியாதுங்க என்றாள்.

ஆம்பியர் மீட்டரின் முள் மைனஸிலிருந்து பிளஸுக்குத் தாவியது, பகல் பதினொரு மணி வெயிலில் தவளையின் இரண்டு ஹெட்லைட்டும் சேர்மனின் வெள்ளை வேட்டி மேல் பளீரென்று அடித்தன, டேஷ்போர்டில் பல்பு இல்லாத வெறும் ஓட்டை செக்கச்செவேலென்று ஒரு முறை ஒளிர்ந்து அணைந்தது. சேர்மன் கண் கூசக் கிளம்பிப் போனார். வேலை முடிஞ்சுதுங்க ஐயா, சார்ஜ் ஏறுது என்று சொல்லிவிட்டு சம்பூரணம் டீ குடிக்கப் போனாள்.

சேலத்து பல்பு இரண்டு நாளில் வந்தது, யாரும் மாட்டவில்லை, இன்றைக்கும் கடைச்சுவரில் ஆணியில் தொங்குகிறது.

செய்தி அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, மறுநாளிலிருந்து தவளையைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொருவரும் சும்மா வந்து முடியாது, முடியாது என்று சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் எரியவில்லை. சொல்லுகிறவருக்கு அதனால் ஏதாவது போகவேண்டும், போகும் என்று தெரிந்தே சொல்லவேண்டும், அப்போதுதான் அது விழிக்கும் என்று ரஹமத்துல்லா பாய்தான் முதலில் கண்டுபிடித்தார், அதுவும் சேர்மனின் அரிசி ஆலைக்கு வருடம் முழுக்கச் செய்துவந்த ஷாஃப்ட் வேலையை இனிமேல் செய்ய முடியாது என்று ஆலை மேனேஜரிடம் சொன்னபோது ஹாரன் தானாக அடித்ததை வைத்துக் கண்டுபிடித்தார். தறிக்காரர் வீட்டு மருமகள் கோமளவல்லி ஒருநாள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிட்டவள், கண்ணாடியை இறக்கி வெளியே நின்ற மாமியாரிடம் இன்னைக்கு நான் மொதல்ல சாப்பிடோணும் அத்தை, காத்திருக்க முடியாதுங்க என்று மெதுவாகச் சொன்னாள். நாலு மூலையிலும் இண்டிகேட்டர் ஒன்றாக மின்னியது, மாமியார் வீட்டுக்குப் போய்த் தட்டை எடுத்து வைத்தார். கோயில் பூசாரி தவளைக்கு ஒரு தேங்காய் உடைத்து மாலை போடலாமா என்று கேட்க, அதெல்லாம் முடியாதுங்க சாமி, தெய்வக் குத்தம் வந்தாலும் வரட்டும் என்று சம்பூரணம் சொல்லிவிட்டாள், வைப்பர் இரண்டு முறை ஆடியது. சேர்மனும் விடவில்லை, குடிதண்ணீர் கேட்டு வந்த காலனிக்காரர்களைத் தவளை பக்கத்தில் நிறுத்தி வைத்து முடியாது என்று சொல்லிப் பார்த்தார், அவர் எத்தனை தடவை சொன்னாலும் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை, காலனிக்காரர்கள்தான் இங்கிருந்து போக முடியாது என்று அங்கேயே உட்கார, மைக்செட்டுக்குப் போட்ட பழைய வயரெல்லாம் சூடேறியது.

அந்தக் கோபத்தில் சேர்மன் ஒரு போன் போட்டார், பட்டறை வீதிக்குக் கரண்ட் போனது. கரண்ட் இல்லாவிட்டால் லேத் ஓடாது, வெல்டிங் கிடையாது, ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தானாகக் காலி செய்வார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். சம்பூரணம் தவளையின் பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து வீதி மீட்டர் பெட்டியில் சொருகினாள். பன்னிரண்டு வோல்ட்டில் லேத் ஓடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள், ஓடியது, வெல்டிங்கும் அடித்தது, டீக்கடை மிக்சியும் சுற்றியது, எஞ்சினைக்கூட ஓடவிட வேண்டியிருக்கவில்லை. ஆனால் தினமும் மூன்று முடியாது தேவைப்பட்டது, காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, எல்லாம் நிஜமான முடியாதாக இருக்கவேண்டும். வெள்ளக்கரட்டில் அதற்குப் பஞ்சமே வரவில்லை, வருடக்கணக்காக விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு வந்தார்கள், வரிசையில் நின்று சொல்லிவிட்டு நெஞ்சு லேசாகிப் போனார்கள்.

ஒருவரால் மட்டும் முடியவில்லை. யாருடைய கையெழுத்தில் வீதியே தொங்கியதோ, யாருடைய கார் அதுவோ, அந்தத் தெய்வசிகாமணி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாயைத் திறப்பார், மு என்று தொடங்குவார், முகமெல்லாம் வேர்க்கும், கடைசியில் ஆகட்டும் என்றுதான் முடியும். அவரைப் பழக்கவேண்டும் என்று பட்டறைக்காரர்கள் முடிவு செய்தார்கள். சின்னதிலிருந்து தொடங்கினார்கள், ஒருவர் வந்து ஐயா உங்க குடையைக் குடுங்க என்று கேட்பது, அவர் முடியாது என்று சொல்வது, அவ்வளவுதான் பாடம். அவர் குடையைக் கொடுத்தார். அடுத்தவர் செருப்பைக் கேட்டார், கொடுத்தார். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், தோளில் கிடந்த துண்டு, வெற்றிலைப் பெட்டி, எல்லாம் நாலு நாளில் போய்விட்டது, ஐந்தாம் நாள் வெறுங்காலோடு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தவரைப் பார்த்துப் பட்டறைக்காரர்கள் வெட்கப்பட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். குடை மட்டும் திரும்பி வரவில்லை, வாங்கியவர் அதற்குள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

சம்பூரணத்துக்கு அழுகை வந்தது. அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. இந்த மனிதரை நம்பி நாற்பது வருடமாக இங்கே வேர்விட்டு நிற்கிறோமே என்று ஆத்திரம், அதைவிட, அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேண்டாமுங்கய்யா, விடுங்க, கையெழுத்துப் போட்டுருங்க, நாங்க எங்கியாச்சும் பொழைச்சுக்கறம் என்றாள். அதற்குக்கூட அவர் ஆகட்டும் என்றுதான் சொன்னார்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் பட்டறை வீதியில் அன்றைக்கு யாரும் ஸ்பானரைத் தொடமாட்டார்கள், தொட்டால் தொழில் கோபித்துக்கொள்ளும். திருப்புளி முதல் லேத் வரை எல்லாம் கழுவி, பொட்டு வைத்து, பொரிகடலைக்கு முன்னால் அமர்ந்திருக்கும். வண்டிகளுக்கும் அன்று ஓய்வுதான் என்பதற்காக பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி அதன் நுனிக்குச் சந்தனம் தடவித் துணியில் சுற்றி வைப்பது எங்கள் வீதியின் வழக்கம், வேறெங்கும் இப்படிச் செய்வதாக நான் கேள்விப்பட்டதில்லை. தவளையின் வயரைக் காலையிலேயே தெய்வசிகாமணி தன் கையாலேயே கழற்றிச் சந்தனம் தடவினார். அதனால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினொரு மணிக்குச் சேர்மன் பத்திர எழுத்தரோடு வந்தார், பத்திரத்தைத் தவளையின் பானெட் மேலேயே விரித்தார், தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து சித்தப்பாவின் கையில் கொடுத்தார். தெய்வசிகாமணி அதை வாங்கிக்கொண்டார். அவர் பத்திரத்தைப் பார்த்தார், வரிசையாகப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்த சாமான்களைப் பார்த்தார், சம்பூரணத்தைப் பார்த்தார், பிறகு மணியார்டர் வந்திருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், முடியாதுங்க என்றார்.

அத்தனை பேரும் தவளையைப் பார்த்தோம். ஒன்றும் எரியவில்லை. ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, முள் அசையவில்லை. பழைய வண்டி வெறும் இரும்பாக வெயிலில் நின்றது.

சேர்மன் சிரித்துவிட்டார். "உங்க காரே உங்களை நம்பலைங்களே சித்தப்பா. போடுங்க."

அப்போதுதான் சம்பூரணத்துக்கு உறைத்தது, சந்தனம் தடவிய வயர் துணிக்குள் கிடக்கிறது. எடுத்து மாட்ட ஓடினாள், பூசை நாளில் ஸ்பானரைத் தொடுவதற்கும் துணிந்து கையை நீட்டினாள். தெய்வசிகாமணி வேண்டாம் என்று கையைக் காட்டினார். காலையில் கழற்றியவர் அவர், வெளிச்சம் வராது என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னார்.

"வண்டிக்கு இன்னிக்கு லீவுப்பா. எனக்கு லீவு இல்லை. முடியாது."

இரண்டாம் முறை அவர் ங்க போடவில்லை. அந்தக் குரலில் அவரை யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டிருக்கமாட்டார். பத்திர எழுத்தர் பத்திரத்தை மடித்துக்கொண்டார். சேர்மன் என்னென்னவோ சொன்னார், பங்காளி உறவு இத்தோடு அற்றது என்றார், வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வாசல்படி ஏறமாட்டேன் என்றார், அவையெல்லாம் பெரியவருக்கு நிஜமாகவே பெரிய நஷ்டம்தான், அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், ஆனால் மனிதர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சேர்மன் போன பிறகு எல்லோருக்கும் பொரி கொடுத்தார்கள், அவருக்கும் கொடுத்தார்கள், அவர் இரண்டு கை நிறைய வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் விஜயதசமி, எடுத்த காரியம் எதையும் தொடங்குகிற நாள். சம்பூரணம் வயரின் நுனியைத் துடைத்து பேட்டரி முனையில் வைத்தாள், ஸ்பானரை ஒரு சுற்றுக்கூடச் சுற்றியிருக்கமாட்டாள், இரண்டு ஹெட்லைட்டும் எரிந்தன, ஹாரன் அடித்தது, வைப்பர் ஆடியது, அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன கூரை விளக்கு எரிந்தது, ஆவணி மாப்பிள்ளை சுற்றிவிட்டு அவிழ்க்காமல் போன சீரியல் பல்பு முழுவதும் எரிந்தது, பக்கத்துப் பட்டறையில் ரஹமத்துல்லா பாயின் லேத் யாரும் சுவிட்சைப் போடாமல் சுற்றத் தொடங்கியது. நேற்றுச் சொன்னது வெளியே போக வழியில்லாமல் ராத்திரி முழுக்கப் பாடிக்குள்ளேயே காத்துக் கிடந்திருக்கிறது என்று பாய் சொன்னார், அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி விளக்கம் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீதிக்கு மூன்று முடியாது தேவைப்படவில்லை, அந்த ஒன்றே போதுமாக இருந்தது. இரண்டு வாரத்தில் கரண்ட் ஆபீஸ்காரர்கள் அவர்களாகவே வந்து லைனைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் அந்த விஜயதசமிக் காலையில் தெய்வசிகாமணிக்கு வேறொரு கவலை. சட்டைப்பையில் சேர்மனின் பேனா இருந்தது. அடுத்தவர் பொருளைப் போய்ச் சேர்ப்பித்தே பழகிய மனிதர், மாப்பிள்ளை யாரும் பின்னால் உட்காராமல் முதல் தடவையாகத் தானே தவளையை எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிய, கடைவீதி வழியாகச் சேர்மன் வீட்டுக்குப் போனார். பேனாவைப் பார்த்ததும் சித்தப்பா மனம் மாறிவிட்டார் என்று சேர்மன் நினைத்துக்கொண்டு, வாங்க, உக்காருங்க, ஒரு காப்பி சாப்பிடுங்க என்றார். எங்கள் பக்கத்தில் காப்பியை வேண்டாம் என்பது கத்தியை எடுப்பதற்குச் சமம். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, முடியாதுங்க என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

அங்கிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போனார். சந்துக்குள் திருப்பாமல் தெருவிலேயே தவளையை நிறுத்தினார், இரண்டு ஹெட்லைட்டும் முன்னறைக்குள் அடிக்க, கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர் காரிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, பதினோரு வருடத்துக்குப் பிறகு, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனார்.